ஹட்டன் உயிரியல் வகுப்பு: கடைசி வாங்கிலிருந்து பார்த்தது

மகள் ஏ.எல். உயிரியலுக்குப் போகும் டியூஷன் வகுப்பு எப்படி என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போன சனிக்கிழமை மழை விடவே இல்லை. அவளைக் கூட்டிப்போன நான் வீடு திரும்பாமல் கடைசி வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

அன்று நைதரசன் பாடம். நான் கணக்கப்பிள்ளை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது கொழுந்து மஞ்சளித்ததையும், கூடை பாதிகூட நிறையாமல் பெண்கள் தராசுக்கு வந்ததையும் பார்த்தவன். எனக்கு நைதரசன் என்றால் யூரியா மூட்டைதான். சேர் தொடங்கியதோ கடலில்!

காற்றில் 78 வீதம் நைதரசன். கடல்நீரிலும் அது தாராளமாகக் கரைந்திருக்கிறது. ஆனால் அதன் இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுகப் பிணைந்திருப்பதால் பெரும்பாலான நுண்ணங்கிகளால் அதைத் தொடவே முடியாது. அமோனியாவாகவோ நைத்திரேற்றாகவோ யூரியாவாகவோ கிடைக்கவேண்டும். மேல்கடலில் பல இடங்களில் அது சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை போட்டி.

சேர் எடுத்த உதாரணம் நம் லயத்துப் பீலி. வறட்சியில் தண்ணீர் நூலாக ஒழுகும்போது செம்போடு வந்தவர் நிறைத்துக்கொண்டு போய்விடுவார். அண்டாவோடு வந்தவர் காத்துக் கிடப்பார். அப்புறம் பலகையில் இரண்டு வட்டம் வரைந்தார். ஆரையைப் பாதியாக்கினால், உடம்பின் கனவளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு இரண்டு மடங்காகும். சாப்பாடு உள்ளே வருவது அந்த மேற்பரப்பு வழியாகத்தான். 1988இல் அறியவந்த புரோகுளோரோகொக்கஸ் என்ற மிகச் சிறிய கடல் பற்றீரியா அப்படி ஒரு செம்பு. ஒரு மில்லிமீற்றருக்குள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். நைத்திரேற்றை மாற்றியெடுக்கச் சக்தி நிறையச் செலவாகும் என்பதால், அதில் பல வகைகள் அந்த வேலைக்கான மரபணுக்களையே கைவிட்டு அமோனியாவில் பிழைக்கின்றன.

அண்டாவுக்கும் காலம் வரும். நமக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, இலங்கையின் தென்கரைக்கு அப்பால் ஆழத்து நீரை நைத்திரேற்றோடு மேலே கொண்டுவருகிறது. அப்போது தயற்றம் போன்ற பெரிய அல்காக்கள் (பாசிகள்) அள்ளிச் சேமித்துக்கொள்ளும். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருடமாக அந்த மழையில் நனைகிறேன்!

காற்று நைதரசனை உடைக்கத் தெரிந்தவையும் உண்டு. அதற்கான நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். அதனால் குரோக்கோஸ்பேரா என்ற கடல் பற்றீரியா, ஒட்சிசன் உண்டாகும் ஒளித்தொகுப்பைப் பகலில் செய்து, இரவில் இந்த வேலையைப் பார்க்கிறது. இன்னொரு பற்றீரியா ஒரு அல்காவின் கலத்துக்குள் குடியேறி, இழைமணி மாதிரி அதன் புன்னங்கமாகவே, அதாவது கலத்தின் ஒரு உறுப்பாகவே, ஆகிவிட்டது என்று 2024இல் காட்டினார்கள்.

“அப்படி ஒன்று தேயிலைக்குள் இருந்தால் உரம் வேண்டாமா, சேர்?” என்று என் மகள் கேட்டாள். அவர் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒற்றைக்கல அல்காவுக்கும் தேயிலைக்கும் எவ்வளவு தூரம் என்று ஐந்து நிமிடம் அவளுக்காகவே சொன்னார்.

குறையும் உண்டு. தகரக் கூரையில் மழை அடித்தால் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்கும். மைக் கட்டாயம் வேண்டும். போட்டோகொப்பி நோட்ஸில் படங்கள் கறுப்பாக அப்பிக்கிடக்கின்றன. நாளுக்கு 600 ரூபா எங்களுக்குச் சின்னக் காசில்லை. ஆனாலும் கொடுக்கலாம், சந்தேகமே இல்லை.

அடுத்த சனி முன்வாங்கில் இடம் பிடிக்க ஆறேகால் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம்.