உப்புத் தண்ணீர்க் கறைக்கு ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் போர்த் தண்ணீர்தான். கோடையில் அது வற்றினால் லாரித் தண்ணீர், அதுவும் யாரோ ஒருவருடைய போரிலிருந்து வருவதுதான். குடிநீர் வடிகட்டி மாட்ட வந்தவர் மீட்டரை வாளிக்குள் விட்டுப் பார்த்தபோது டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,640 மில்லிகிராம் காட்டியது. குடிநீரில் 500 வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. குடிக்கிற தண்ணீரை வடிகட்டிவிடலாம். குளியலறைக்கு வரும் தண்ணீரை என்ன செய்வது? குழாய், டைல்ஸ், மக், வாளி, ஷவர் என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஒன்பது வருடம் அதைத் தேய்த்தே என் வலது தோள் போயிற்று. ஞாயிறு காலை என்றால் பாத்ரூம் ஆசிட், இரும்பு நார், இரண்டு மணி நேரம். அந்த நெடி என் மாமியாருக்கு ஆகாது. அவருக்கு வீசிங் உண்டு. நான் கழுவி முடிக்கும்வரை மொட்டைமாடிப் படியில் போய் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஆள் வைத்துக் கழுவச் சொன்னோம். வந்தவர் இன்னும் காரமான ஆசிட்டை ஊற்றினார். கறை போனது, கூடவே டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமெண்ட்டும் அரித்துப் போனது.

இப்போது ஏழு மாதமாக நான் பயன்படுத்துவது சாதாரண சிட்ரிக் ஆசிட் தூள். பேக்கரிக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு கிலோ 190 ரூபாய்க்கு வாங்கினேன். சீனி போலப் பளபளக்கும் பொடி, வாசனையே கிடையாது. எலுமிச்சையில் புளிப்புத் தருவது இதுதான். ஜாம், சோடா பாட்டில்களில் 330 என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அதுவும் இதுதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் தேய்ப்பதை விட்டேன். அந்த வெள்ளைப் படிவு அழுக்கே இல்லை. தண்ணீர் காய்ந்த பிறகு தங்கிப்போகும் சுண்ணாம்புச் சத்து அது, கால்சியம் கார்பனேட். சுருக்கமாகச் சொன்னால் கல். கல்லைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் எப்படிப் போகும்? புளிப்பு பட்டால் கரையும். கரையும்போது சிறுசிறு குமிழ் வரும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். அதற்கு நம் கைபலம் தேவையில்லை, நேரம்தான் தேவை.

நான் செய்வது இப்படி. ஒரு லிட்டர் வெந்நீரில் நான்கு மேசைக்கரண்டி தூளைக் கரைத்துக்கொள்வேன். டைல்ஸ் சுவரில் சும்மா தெளித்தால் வழிந்து ஓடிவிடும், பயனில்லை. பழைய வேட்டியைக் கிழித்து அந்தத் தண்ணீரில் நனைத்துச் சுவரோடு ஒட்டிவிடுவேன். அரைமணி நேரம் கழித்துத் துணியை எடுத்து, அதே துணியால் ஒரு துடை துடைத்துத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. ஷவர் தலைக்கு ஒரு பாலித்தீன் பையில் கரைசலை ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவேன். அடைத்திருந்த துளைகளெல்லாம் திறந்து தண்ணீர் நேராக விழுந்தது. பளபளப்புக் குழாய்களுக்கு மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை, மேல்பூச்சு மங்கிவிடும் என்று பயம். வாளியும் மக்கும் ராத்திரி முழுக்க ஊறும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் படுக்கும் முன் இரண்டு கைப்பிடி தூவி, காலையில் பிரஷ்ஷால் ஒரு சுற்று.

முதல் ஞாயிறு மாமியார் வழக்கம்போலச் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராக நின்றார். "ஏம்மா, இன்னும் ஆசிட் ஊத்தலையா?" என்று கேட்டார். "ஊத்தி அரைமணி ஆச்சு அத்தை" என்றேன். உள்ளே வந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

குறையும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு இது உதவாது. அடுப்படிக்குச் சோப்புத் தூள்தான். சில்வர் சிங்க் ஓரத்துச் சிலிக்கானில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சணமும் போகாது. கல் தரை வைத்திருப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். மார்பிள், கடப்பாக்கல் இரண்டும் சுண்ணாம்பு வகைக் கற்கள், கறையைக் கரைப்பது போலவே இது அவற்றையும் கரைத்துவிடும். எங்கள் சமையலறை அலமாரிக் கடப்பாக்கல்லில் கரைசல் பாத்திரத்தை வைத்துவிட்டேன். அடியில் சிந்தியிருந்த இடம் வட்டமாக வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகள் உண்டு, அங்கேயும் வேண்டாம். கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சையே அடைக்கக்கூடியது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும் என்பதால் நான் உறை போட்டுக்கொள்கிறேன்.

படிவைக் கரைப்பது பாதி வேலைதான், மறுபடி படியாமல் இருக்க வேண்டுமே. கண்ணாடி துடைக்கும் சின்ன ரப்பர் வைப்பர் ஒன்றை 90 ரூபாய்க்கு வாங்கிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். குளித்து முடித்தவர் சுவரில் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். சுவரில் தண்ணீர் நின்று காய்ந்தால்தானே சுண்ணாம்பு தங்கும்? என் கணவருக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று, மகள் முதல் நாளிலிருந்தே செய்தாள். வாரா வாரம் போட்ட துணிப் பத்தை இப்போது மாதம் ஒருமுறைதான் போடுகிறேன்.

ஒரு கிலோவில் இன்னும் கால் கிலோவுக்கு மேல் மிச்சம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகிறது, உடைத்துப் போட்டாலும் வேலை செய்கிறது. பார்க்கச் சீனி மாதிரியே இருப்பதால் பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, சமையலறைக்குள் கொண்டுவராமல் துணி துவைக்கும் இடத்து மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.