கிரவல் புழுதியும் பவர் ஷட்டரும்: சிலிக்கன் ஸ்பிரே பாவித்த அனுபவம்

வன்னியில் வாகனம் ஓடுகிறவர்களுக்குப் பவர் ஷட்டர், அதாவது சுவிட்சில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, இறுகுவது புதிய வருத்தம் இல்லை. ஏ9 தார் வீதிதான், ஆனால் மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ உள்ளுக்கு இறங்கினால் பல இடங்களில் இன்னும் கிரவல். சோளகம் வீசத் தொடங்கினால் மாரி வரும்வரை அந்தச் செம்புழுதி கண்ணாடி ஓடுகிற ரப்பர் காடிக்குள் போய் அடைந்துகொண்டே இருக்கும். முதல் மழையில் களியாகும், பிறகு காய்ந்து கல்லாகும்.

என்னுடைய கொரோலா 121 காரில் சாரதிப் பக்கக் கண்ணாடி முக்கால்வாசி ஏறி நின்றுவிடும். உள்ளங்கையால் தாங்கித் தூக்கினால்தான் மிச்சம் ஏறும். சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டர் சூடாகித் தானே நின்று, ஆறிய பிறகு திரும்ப வேலை செய்யும். அது மோட்டர் எரியாமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் பாதுகாப்பு. அதைப் பார்த்துவிட்டு ஒரு கராஜில் மோட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கிளிநொச்சியில் இன்னொரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து (மோட்டரால் ஓடிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) விடுவித்து, வெறும் ரெகுலேட்டரை ஓடவிட்டார். சர்ரென்று ஏறி இறங்கியது. பிறகு, "அண்ணை, இப்ப கண்ணாடியைக் கையால மேல தள்ளிப் பாருங்கோ" என்றார். பாதிக்கு மேல் அசையவில்லை. "மோட்டர் நல்லாத்தான் இருக்கு. ரப்பரைத் துப்பரவாக்குங்கோ, காணும்."

மோட்டருக்குக் காசு கொடுக்கமுன் இந்தச் சோதனையை எல்லாரும் செய்விக்க வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கிறதென்றால் எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வரும், நின்றால் பற்றரியின் 12 சொச்சம்தான், அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும். நாலு கண்ணாடியும் ஒன்றாக மந்தம் என்றால் பற்றரி, எர்த் வயர் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தக் கதவுக்குள்தான் விசயம்.

துப்பரவாக்குவதில் அவசரம் கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, மெல்லிய மூங்கில் சிராயில் பழைய பெனியன் துணியைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துக் காடியின் மேல் மூலையிலிருந்து அடி வரைக்கும் இழுக்க வேண்டும். முதல் துணி செங்கல் நிறத்தில் வரும். துணி வெளுப்பாக வரும்வரை விடக்கூடாது. நன்றாகக் காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிரேயின் மெல்லிய குழாயை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் அடித்து, சில தடவை ஏற்றி இறக்கினால் சரி. கண்ணாடியில் படிவதை உடனே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் எதிர் லைட் பட்டு மங்கும்.

தேங்காய் எண்ணெய், கிரீஸ், துரு கழற்றும் ஸ்பிரே எதையும் ரப்பரில் பூசாதீர்கள். எண்ணெய்ப் பசை புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெற்றோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். வெள்ளை லிதியம் கிரீஸ் ரெகுலேட்டரின் இரும்புப் பாகங்களுக்குத்தான்.

இப்போது இரண்டு மாரி கடந்துவிட்டது. சாரதிப் பக்கம் அதே மோட்டர், அதே ரப்பர், கையால் தாங்குகிற வேலை இல்லை. ஆனால் ஒரு முறை அடித்துவிட்டு மறந்துவிட முடியாது. சோளகக் காலத்தில் சத்தம் மாறும்போதே திரும்பத் துடைத்து அடிக்க வேண்டியிருக்கிறது, மாரிக்கு முன்னும் ஒரு தடவை. பின் கதவொன்றில் ரப்பர் வெயிலில் வெடித்துப் போயிருந்தது. அதற்கு ஸ்பிரே எடுபடவில்லை, புது ரப்பர்தான் போட்டேன். முன் இடப்பக்கம் வேறு கதை. அந்தக் கதவின் சொந்தச் சுவிட்சில் வேகமாக ஏறும், சாரதியின் சுவிட்சில் இழுக்கும். சாரதிச் சுவிட்சின் உள்முனைகள் கறுத்திருந்தன. மின் முனைகளைத் துப்பரவாக்கும் கொண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்ததும் தீர்ந்தது.

தானே முழுக்க ஏறுகிற ஓட்டோ ஷட்டர் உள்ள வாகனம் என்றால், இறுகிய காடியைக் கை மாட்டியதென்று எண்ணிக் கண்ணாடி பாதியில் திரும்ப இறங்கும். அதற்கும் முதலில் ரப்பரைத்தான் பாருங்கள். பற்றரி கழற்றிப் பூட்டிய பிறகு ஓட்டோ வேலை செய்யாவிட்டால், பல வாகனங்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில வினாடி விடாமல் பிடித்திருந்தால் திரும்பப் பழகிக்கொள்ளும்.

கதவின் அடி விளிம்பில் உள்ள தண்ணீர் ஓட்டைகளையும் ஈர்க்கால் குத்தி விடுங்கள். அவை அடைபட்டால் மழைத் தண்ணீர் கதவுக்குள் தேங்கும், அந்த ஈரம்தான் மோட்டரை உண்மையாகவே கெடுக்கும்.