மூன்றையும் ஒரே வரியில் அடிக்காதீர்கள்: கேட்டலிஸ்ட் 9300 அப்கிரேட் அனுபவம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய 2960எக்ஸ் காலத்தோடு ஒப்பிட்டால் சிஸ்கோவின் நெட்வொர்க் சுவிட்சான கேட்டலிஸ்ட் 9300இல் சாஃப்ட்வேர் மாற்றுவது எவ்வளவோ நிம்மதியான வேலை. ஆனால் அந்த நிம்மதிக்குக் காரணமான ஒரு வசதியை, ஏற்றுவது, இயக்குவது, நிரந்தரமாக்குவது மூன்றையும் சேர்த்து எல்லோரும் நோட்பேடில் சேமித்து வைத்திருக்கும் அந்த ஒற்றை வரிக் கட்டளை காலி செய்துவிடுகிறது. இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் இடம் மூன்று ஷிஃப்ட் ஓடும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. ஷாப் ஃபுளோரிலும் ஆஃபீஸிலும் 9300 ஸ்டாக்குகள் (பல சுவிட்சுகளை ஒன்றாகக் கட்டி ஒரே சுவிட்சாக ஓட்டுவது), சின்னச் சின்ன ரேக்குகளில் 9200, கோடவுன் பக்கம் இன்னும் சில 2960எக்ஸ். ‘ராத்திரி யாரும் இருக்க மாட்டார்கள், ரீபூட் பண்ணிக்கொள்ளலாம்’ என்கிற சௌகரியம் எங்களுக்குக் கிடையாது. ராத்திரியில்தான் டெஸ்பாட்ச் லாரி நிற்கும், லேபிள் பிரிண்டர் ஓடியே ஆக வேண்டும். உண்மையான டவுன்டைம் என்றால் பொங்கல், ஆயுத பூஜை, அப்புறம் எப்போதாவது மெயின்டனன்ஸ்காரர்கள் ஷட்டவுன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை. அதனால் ‘ரீலோட்’ என்ற வார்த்தையை அடிக்கும் முன் நிறைய யோசிக்கப் பழகிவிட்டோம்.

2960எக்ஸில் வேலை ரொம்ப எளிமை, ஆபத்தும் அதே அளவு. 128 எம்பி ஃபிளாஷ். இருபது சொச்சம் எம்பி இமேஜை (சாஃப்ட்வேர் ஃபைல்) டிஎஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையில் ஏற்று, எம்டி5 செக்சம் (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார், பூட் வேரியபிளை (எந்த ஃபைலில் எழுவது என்ற குறிப்பு) மாற்று, ரீலோட் அடி, சாமியைக் கும்பிடு. எழுந்து வந்தால் சரி. வராமல் பூட்லோடர் (சாஃப்ட்வேரை எழுப்பிவிடும் சின்ன நிரல்) பிராம்ப்டில் நின்றுவிட்டால் கன்சோல் கேபிளைச் சொருகி எக்ஸ்மோடம் என்ற பழைய முறையில் இமேஜை இறக்க வேண்டும். 9600 பாட் வேகத்தில் 20 எம்பி இறங்க ஆறு மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தை 115200க்கு ஏற்றிக்கொள்ளலாம் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், முதல்முறை மாட்டிக்கொள்பவருக்குத் தெரியாது.

9300இல் கதையே வேறு. இமேஜ் ஏறக்குறைய ஒரு ஜிபி. அதை அப்படியே பூட் செய்வது பண்டில் மோட். பிரித்து, தனித்தனி பேக்கேஜ் ஃபைல்களாக ஃபிளாஷில் வைத்து, பேக்கேஜஸ்.கான்ஃப் என்ற சின்ன ஃபைல் வழியாக பூட் செய்வது இன்ஸ்டால் மோட். இரண்டாவதுதான் சிஸ்கோவும் சொல்வது, மெமரியும் குறைவாகத் தின்னும். உங்கள் சுவிட்ச் எதில் ஓடுகிறது என்று ஷோ வெர்ஷன் வெளியீட்டின் கடைசியில் வரும் அட்டவணையில் மோட் என்ற கட்டத்தைப் பாருங்கள். வாங்கி வைத்து வருடக்கணக்கான சுவிட்ச்கூட சில இடங்களில் பண்டிலில் ஓடிக்கொண்டிருக்கும், யாரோ ஒருவர் பூட் வேரியபிளில் பிரிக்காத இமேஜ் ஃபைலின் (.bin) பெயரையே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கீழே சொல்லும் எதுவும் அந்த சுவிட்சுக்குப் பொருந்தாது, முதலில் அதை இன்ஸ்டால் மோடுக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, அந்த ஒற்றை வரி. ‘இன்ஸ்டால் ஆட் ஃபைல்’ என்று தொடங்கி, இமேஜ் பெயர் கொடுத்து, அதே வரியில் ‘ஆக்டிவேட் கமிட்’ என்று முடியும். கேட்கும் கேள்விக்கு ஒய் என்று தட்டினால் எல்லாம் தானாக நடந்து ரீபூட் ஆகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஆட் என்பது இமேஜைப் பிரித்து ஃபிளாஷில் வைப்பது, ஸ்டாக்கில் இருக்கும் மற்ற சுவிட்சுகளுக்கும் அனுப்பி வைப்பது. ஓடுகிற டிராஃபிக்கை இது தொடாது, பட்டப்பகலில் செய்யலாம். ஆக்டிவேட் என்பதுதான் ரீபூட். கமிட் என்பது ‘இந்தப் பதிப்பு எனக்குச் சரி, இனி இதுவே நிரந்தரம்’ என்று கையெழுத்துப் போடுவது.

ஆக்டிவேட் செய்துவிட்டு கமிட் கொடுக்காமல் விட்டால் ஆட்டோ அபார்ட் டைமர் ஓட ஆரம்பிக்கும், இயல்பாக 120 நிமிடம். அதற்குள் நீங்கள் கமிட் கொடுக்கவில்லை என்றால் சுவிட்ச் தானே பழைய பதிப்புக்குத் திரும்பி ரீபூட் ஆகிவிடும். புதிய பதிப்பில் ஏதோ ஒன்று கெட்டுப்போய் சுவிட்சுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகக்கூட நுழைய முடியவில்லை, நீங்கள் இருப்பது வேறு ஊரில் என்று வையுங்கள்: சும்மா காத்திருந்தால் போதும், அது தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒற்றை வரியில் அடித்தால் ரீபூட்டுக்கு முன்பே கமிட்டும் முடிந்துவிடுகிறது. டைமர் கிடையாது. சுவிட்ச் எழுந்து வருமா என்று பார்ப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பத்திரத்தைப் படிக்கிற மாதிரி.

ஷோ இன்ஸ்டால் சம்மரி என்று அடித்தால் இந்தக் கட்டங்கள் ஒற்றை எழுத்தாகத் தெரியும். ஆட் முடிந்ததும் புதிய பதிப்புக்குப் பக்கத்தில் ஐ, அதாவது ஏற்றியாச்சு, ஆனால் உறங்குகிறது. ஆக்டிவேட் ஆகி எழுந்து வந்ததும் யு, கீழே டைமர் மீதி நேரத்தோடு குறைந்துகொண்டே வரும். கமிட் கொடுத்ததும் சி. யு என்று இருக்கும் அந்த இடைவெளியில்தான் எங்கள் உண்மையான வேலை நடக்கும். ரீபூட்டுக்கு முன்பே எடுத்து வைத்த வெளியீடுகளைப் பக்கத்தில் திறந்துகொண்டு, ஸ்டாக்கில் எல்லா சுவிட்சும் ரெடியா, போர்ட் சேனல் (இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டிய இணைப்பு) இரண்டு காலும் ஏறிவிட்டதா, மேக் டேபிளில் (இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல்) எண்ணிக்கை முன்பு இருந்த அளவுக்கு வந்துவிட்டதா, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகப் போகும் மின்சாரம்) வாட் கணக்கு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எண்ணிக்கை உடனே வராது, பதினைந்து இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். எல்லாம் சரி என்றால்தான் கமிட்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கமிட் கொடுக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போனால் இரண்டு மணி நேரம் கழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்ச் தானே விழும். டியூட்டியில் இருப்பவருக்குக் காரணமே புரியாது. அதனால் எங்கள் செக்லிஸ்ட்டில் கடைசி வரி எப்போதும் ‘சி பார்த்தாயா?’ என்பதுதான்.

ஒரு பராமரிப்பு ஒப்பந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒருமுறை ஆளை அனுப்பியது. அவர் வந்தார், ஒற்றை வரியை ஒட்டினார், சுவிட்ச் எழுந்ததும் ‘சுத்தம் பண்ணிவிடுகிறேன் சார்’ என்று இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ் அடித்தார். பழைய பேக்கேஜ் மொத்தமும் போய்விட்டது. அப்புறம் பார்த்தால் ஐபி ஃபோன்களில் பாதிக்கு வாய்ஸ் விலான் (ஃபோன்களுக்கான தனி நெட்வொர்க்) கிடைக்கவில்லை. திரும்பப் போகலாம் என்றால் போக இடமில்லை, பழைய இமேஜை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கடைசியில் காரணம் சுவிட்சில்கூட இல்லை, எந்தச் சாதனத்தை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் ஆத்தென்டிகேஷன் சர்வர் பாலிசியில் இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை, ‘பழையதற்குத் திரும்பு, மீதியை அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லும் வழி எங்களுக்கு இல்லாமல் போனதுதான் எரிச்சல். இப்போது சுத்தம் செய்வது அடுத்த அப்கிரேடுக்கு முன்னால் மட்டும். அதுவரை பழையது ஃபிளாஷில் கிடக்கட்டும். 9300இல் 16 ஜிபி இருக்கிறது, என்ன கெட்டுப்போகிறது? 9200இல் மட்டும் 4 ஜிபிதான், அங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 9200க்கு இமேஜே வேறு, பெயரில் லைட் என்று இருக்கும். டவுன்லோட் பக்கத்தில் அவசரத்தில் மாற்றி எடுப்பது சகஜம்.

ஒரு ஜிபியை ஏற்றுவது எப்படி? டிஎஃப்டிபியை மறந்துவிடுங்கள். அதன் பழைய வடிவத்தில் 512 பைட் துண்டுகள், துண்டுக்கு எண் போட 16 பிட், ஆக 32 எம்பிக்கு மேல் தாண்டாது. பிளாக் சைஸைக் கூட்டினால் தாண்டும், ஆனாலும் இந்த அளவுக்கு அது ஆன வழி இல்லை. எங்களிடம் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் ஹெச்டிடிபி சர்வர் இருக்கிறது, சுவிட்ச் அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைல் அனுப்பும் எஸ்சிபிதான் வேண்டும் என்றால் எஸ்எஸ்ஹெச் பல்க் மோட் என்ற அமைப்பைப் போட்டுவிட்டு முயலுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். நேரில் போகிறீர்கள் என்றால் முன்னால் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் பென்டிரைவைச் சொருகுவதுதான் சுலபம். எந்த வழியாக ஏற்றினாலும் செக்சம் பார்க்காமல் ஆட் அடிக்க வேண்டாம்.

எந்தப் பதிப்பு என்பது அடுத்த தலைவலி. இந்த சுவிட்சுகளில் ஓடும் சாஃப்ட்வேரான ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் 17 வரிசையில் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் வைத்தார்கள்: 17.3 ஆம்ஸ்டர்டாம், 17.6 பெங்களூரு, 17.9 கூப்பர்டினோ, 17.12 டப்ளின். (பெங்களூருக்கு நல்ல பெயர், எங்களிடம் அது அதிக நாள் அமைதியாக ஓடியது.) இந்த மூன்று மூன்றாகத் தாண்டும் எண்கள்தான் நீண்டகால ஆதரவு உள்ளவை. இடையில் வரும் 17.4, 17.5, 17.7 எல்லாம் ஒரு வருடத்தில் கைவிடப்படும், புதிய வன்பொருளுக்கோ குறிப்பிட்ட வசதிக்கோ வேண்டுமென்றால் தவிர அந்தப் பக்கம் போவதில்லை. டவுன்லோட் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு ஒன்றைப் பரிந்துரைப்பார்கள், பெரும்பாலும் அதுவே போதும். எங்கள் வழக்கம், ஒரு வரிசையில் மூன்றாவது நான்காவது திருத்தம் வரும்வரை தொடாமல் இருப்பது.

2023 அக்டோபர் அந்த வழக்கத்துக்கு வந்த சோதனை. 16ஆம் தேதி வெப் யுஐ (பிரவுசர் வழியாக சுவிட்சை நிர்வகிக்கும் பக்கம்) ஓட்டை அறிவிப்பு வந்தது, பதிவு எண் சிவிஇ-2023-20198, ஆபத்து அளவில் பத்துக்குப் பத்து மதிப்பெண். பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே வெளியாள் உச்ச அதிகாரத்தோடு ஒரு யூசரை உருவாக்கிக்கொள்ள முடியும். திருத்தம் 17.9.4ஏ வந்தது 22ஆம் தேதி. மறுநாள் ஆயுத பூஜை. மெஷின்கள் எல்லாம் நிற்கின்றன, சர்வர் ரூமில் ரேக் கதவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மேலாளர் கேட்டார்: ‘எல்லாமே நிற்கிறதே, இன்றைக்கே போட்டுவிடலாமே?’ கேள்வி நியாயமானதுதான். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே எல்லா சுவிட்சிலும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் சர்வர் இரண்டையும் இரண்டு வரியில் அணைத்திருந்தோம், அதற்கு ரீபூட் தேவையில்லை. நாங்கள் வெப் யுஐயைத் தொட்டதே இல்லை. கதவு அடைத்தாகிவிட்டது, பூட்டைப் பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஜனவரியில் ஒவ்வொரு ஸ்டாக்காக ஏற்றினோம். பாதுகாப்பு அறிவிப்பு வந்தாலே இமேஜை மாற்றியாக வேண்டும் என்று இல்லை. ஓட்டை உள்ள சேவையை நிறுத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

நிறுத்தவும் இல்லை, மாற்றவும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஏப்ரல் சாட்சி. ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி 4786 போர்ட்டில் திறந்தே கிடந்த சுவிட்சுகளை யாரோ தேடித் தேடி கான்ஃபிக்கை அழித்து, அமெரிக்கக் கொடியைப் படமாக வரைந்துவிட்டுப் போனார்கள். ஈரானில் மட்டும் 3,500 சுவிட்சுகள் என்று அந்நாட்டு அமைச்சகம் சொன்னது. ‘நோ விஸ்டாக்’ என்று ஒரே வரி அடித்திருந்தால் போதும். எங்கள் கோடவுன் 2960எக்ஸ்களில் நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான்.

ரீபூட் நேரத்தைப் பற்றி. ஸ்டாக் மொத்தமும் ஒன்றாக விழும், ஒவ்வொன்றாக இல்லை. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆனால் புதிய பதிப்பின் முதல் பூட்டில் பூட்லோடரும் சில சமயம் தன்னை அப்டேட் செய்துகொள்ளும், அப்போது கன்சோல் ஒரு வரியிலேயே அசையாமல் நிற்கும், கை தானாகப் பவர் கேபிளைத் தேடும். 9300இல் பவர் சுவிட்ச் கிடையாது என்பது அந்த வகையில் நல்லதே. அந்த நேரத்தில் மின்சாரத்தை வெட்டினால் சுவிட்ச் பிணம். யுபிஎஸ் பேட்டரி நிலைமையைப் பார்க்காமல் நாங்கள் ஆக்டிவேட் அடிப்பதில்லை.

பர்பெச்சுவல் பிஓஇ போட்டு வையுங்கள். சுவிட்ச் ரீபூட் ஆகும்போதும் போர்ட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், ஃபோனும் வைஃபை ஏபியும் அணைந்து எழுகிற நேரம் மிச்சம். முப்பது விநாடிக்குள் டிராஃபிக் திரும்பிவிடும் எக்ஸ்எஃப்எஸ்யு என்ற வேக அப்கிரேடும் இருக்கிறது. எல்லாப் பதிப்புகளுக்கு இடையிலும் அது செல்லாது, நிபந்தனைகளும் உண்டு. ஷட்டவுன் கிடைக்கும் எங்களுக்கு அந்த வம்பு தேவைப்படவில்லை, ஆஸ்பத்திரி மாதிரி நிறுத்தவே முடியாத இடங்களில் படித்துப் பார்க்கலாம்.

எங்களை அதிகம் படுத்தியது சுவிட்சே இல்லை, அதில் தொங்கும் ஊமைச் சாதனங்கள். லேபிள் பிரிண்டர், எடைமேடை டிஸ்ப்ளே, வருகைப் பதிவு மெஷின் இவற்றுக்கெல்லாம் நிலையான ஐபி. தாமாக வாயைத் திறந்து ஒரு பாக்கெட்கூட அனுப்பாது. எங்கள் போர்ட்டுகளில் மேக் முகவரியை வைத்து அடையாளம் பார்க்கும் எம்ஏபி இருக்கிறது, அதற்குச் சாதனம் முதலில் ஒரு பாக்கெட்டாவது அனுப்ப வேண்டும். ரீபூட்டுக்கு அப்புறம் சாதனம் பேசாது, போர்ட் திறக்காது, சர்வர் அனுப்பும் ஏஆர்பியும் (‘இந்த ஐபி யாருடையது?’ என்ற விசாரிப்பு) சாதனத்துக்குப் போகாது. போர்ட் விளக்கு பச்சையாக இருக்கும், பிரிண்ட் மட்டும் வராது. ஆக்ஸஸ் செஷன் கன்ட்ரோல் டைரக்‌ஷனை ‘இன்’ என்று வைத்தால் வெளிப்பக்கமிருந்து சாதனத்துக்குப் போகும் பாக்கெட்டை விட்டுவிடும். அப்புறம் சர்வரிலிருந்து அந்த ஐபிகளுக்கெல்லாம் ஒரு பிங் ஸ்கிரிப்ட் ஓட்டினால் ஒவ்வொன்றாக விழித்து எழும். இந்த ஸ்கிரிப்ட் இப்போது செக்லிஸ்ட்டில் கமிட்டுக்கு முந்தைய வரி.

குறை என்றால், இமேஜ் இறக்க எங்களுக்குச் சேவை ஒப்பந்தம் தேவைப்பட்டது, வாங்கும்போதே டிஎன்ஏ என்ற சிஸ்கோவின் மென்பொருள் சந்தாவும் தலையில் கட்டப்பட்டது. எங்களுக்கு அதில் பாதி வசதி பயன்படவில்லை. 17.3.2க்குப் பிறகு லைசென்ஸ் முறை மாறியது ஓரளவு நல்லதே, முன்பிருந்த 90 நாள் எச்சரிக்கைத் தொல்லை போனது. கேட்டலிஸ்ட் சென்டர் என்ற சிஸ்கோவின் மேலாண்மை மென்பொருளை வாங்கி மொத்தமாக அப்கிரேட் செய்யலாமே என்று கேட்பார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் சரி, எங்கள் அளவுக்கு ஒரு செக்லிஸ்ட்டும் கன்சோல் கேபிளும் போதும்.

2960எக்ஸுக்கு ஆதரவு 2027 அக்டோபரோடு முடிகிறது. கோடவுனுக்கு 9200 கேட்டு பட்ஜெட் கொடுத்திருக்கிறேன்.