திருநெல்வேலிச் சந்தையடித் தேத்தண்ணிக் கடை: 50 ரூபா 120 ஆகி, இப்ப 100

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையடியில ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கு. பலாலி ரோட்டில இருந்து உள்ளுக்கு இறங்கிற ஒழுங்கையில இடப்பக்கம், போர்ட் ஒண்டும் இல்ல, நீலப் பெயின்ற் அடிச்ச தகரக் கதவுதான் அடையாளம். பன்னிரண்டு வருசமா நான் காலமைத் தேத்தண்ணி குடிக்கிறது அங்கதான். இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்திட்டு இப்ப ஏன் எழுதிறன் எண்டால், போன கிழமை கடைக்கார அண்ணை பால்த்தேத்தண்ணிய 120ல இருந்து 100க்கு இறக்கிப்போட்டார். ஒருத்தரும் கேக்கேல்ல, தானாவே இறக்கினவர். யாழ்ப்பாணத்தில ஏறின விலை இறங்கினதை நான் எண்ணிப் பாத்தால் ஒரு கை விரலுக்கும் காணாது, அதுதான் மனசில நிண்டிட்டுது.

முதல் சாப்பாட்டைச் சொல்லிடுறன். பால்த்தேத்தண்ணி நல்ல சாயம், பால்மாவைச் சுடுதண்ணியில கட்டி இல்லாமல் கரைச்சு ரெண்டு கோப்பையிலயும் மாறி மாறி இழுத்து ஆத்தித் தருவார், மேல நுரை நிக்கும், சீனி குறைக்கச் சொன்னால் குறைப்பார். பருப்பு வடை காலமை ஏழு மணிக்கு எண்ணையில இருந்து வரேக்க சாப்பிடவேணும், செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் பல்லில கடிபடும், ஓரம் மொறுமொறு எண்டு இருக்கும், நடுவில ஈரம் காயாது. மீன் ரோல்ஸ் பின்னேரம் மட்டும். பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போடுவார், கேட்டால் பனங்கட்டி ஒரு துண்டு தருவார், அது எனக்குப் பால்த்தேத்தண்ணிய விடவும் விருப்பம்.

இப்ப விலைப்பட்டியலுக்கு வாறன். காசு மேசைக்கு மேல ஒரு பழைய மட்டையில எழுதித் தொங்குது, விலை மாற மாற அந்த இலக்கத்துக்கு மேல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி, பால்த்தேத்தண்ணிக்கு நேர அது ஒரு சின்ன மேடு மாதிரிப் பொங்கிப்போய் நிக்குது. விரலால தடவினால் தெரியும். ஒருநாள் ஓரம் கிளம்பி இருந்ததால கேட்டுப்போட்டு மெதுவா உரிச்சுப் பாத்தன், 120, அதுக்குக் கீழ 100, கீழ 80, கீழ 60, அடியில மையால எழுதின 50. 50க்கும் 100க்கும் இடையில ஒரு வருசம் கூட இல்ல. 2021 நடுப்பகுதியில 50, 2022 மார்ச் முடியேக்க 100.

அந்த மார்ச்சில என்ன நடந்தது எண்டது எங்கட ஆக்களுக்கு மறக்காது. அதுவரைக்கும் மத்திய வங்கி ஒரு டொலர் 203 ரூபாவுக்கு மேல போகவிடாமல் மாசக்கணக்கில பிடிச்சு வைச்சிருந்தது, 2022 மார்ச் 7ஆம் திகதி 230 வரைக்கும் விடுறம் எண்டு சொல்லிச்சினம், பிடியை விட்டதும் 230ல நிக்கேல்ல, மாசம் முடியிறதுக்குள்ள 290 தாண்டி மே மாசம் 360க்குப் போட்டுது. ரெண்டு மாசத்தில. சம்பளம் அதே சம்பளம், கையில இருக்கிற தாள் அதே தாள், ஆனால் அந்தத் தாளுக்கு வெளியில இருந்து வாற சாமான் முந்தி வந்ததில பாதிக்குக் கொஞ்சம் மேல தான் வரும்.

பிடிச்சு வைச்சதுதான் பிழை எண்டு நான் நினைக்கிறன், இதில எனக்குச் சரியான கோவம். கடையில 203 எண்டு போட்டிருக்கிற சாமானை வெளியில 240க்கு வாங்கிறதுக்கு ஆள் நிண்டால் ஆர் கடைக்குக் குடுப்பினம்? அதேதான் டொலருக்கும் நடந்தது. கனடா லண்டனில இருக்கிற எங்கட சனம் வங்கியால அனுப்பாமல், வங்கிக்கு வெளியால ஆள் மூலம் காசு மாத்திற உண்டியலால அனுப்பத் தொடங்கிச்சினம், அவையளையும் குறை சொல்லேலாது, தாய் தேப்பனுக்குப் போறது நாலு காசு கூடப் போகட்டும் எண்டுதான் பாப்பினம். 2020ல வெளிநாட்டில இருந்து வங்கியால வந்த காசு 710 கோடி டொலர், 2022ல 380 கோடியும் இல்ல. நாட்டிட்ட இருந்த டொலர் கையிருப்பு கடன் கட்டவும் ரூபாவைத் தூக்கி நிறுத்தவும் கரைஞ்சுபோச்சு. 2019 முடியேக்க 760 கோடி டொலர் கிடந்தது, 2022 மே மாசம் பாவிக்கக்கூடியது 5 கோடி கூட இல்ல எண்டு நிதி அமைச்சரே பாராளுமன்றத்தில சொன்னவர். பெற்றோல் கப்பல் துறைமுகத்துக்கு வெளியில வந்து நிக்குது, இறக்கக் காசில்ல.

அதுக்கு முன்னால நடந்ததுகளும் இருக்கு. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, சுற்றுலாக் காசு நிண்டுபோச்சு, அதை ஆரும் தடுத்திருக்கேலாது. ஆனால் 2019 கடைசியில, வாங்கிற சாமானுக்கு மேல போடுற வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்குக் குறைச்சதை ஆரும் வந்து குறை எண்டு கேக்கேல்ல. வருமானம் விழுந்த இடத்தைக் காசு அடிச்சு நிரப்பிச்சினம். 2021ல ஒரே இரவில ரசாயன உரம் வேண்டாம் எண்டு நிப்பாட்டினதில வன்னியில வயல் செய்த ஆக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், என்ர மாமாவும் அதில ஒராள், விளைச்சல் விழுந்து சோத்து அரிசிக்கும் டொலர் தேடவேண்டி வந்தது. கடைசியில 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் இப்ப கட்டேலாது எண்டு நாடே கையை விரிச்சுப்போட்டுது.

இதெல்லாம் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்ள எப்பிடி வருது எண்டதை அண்ணை கணக்கு எழுதிற சீஆர் கொப்பியிலதான் நான் விளங்கிக்கொண்டன். ஒவ்வொரு நாளும் என்ன வாங்கினது, என்ன விலை எண்டு எழுதுவார், அந்த மாசங்களில பக்கத்தின்ர வலது மூலையில டொலர் விலையையும் பென்சிலால எழுதியிருக்கிறார். பால்மா 400 கிராம் பைக்கற் 380, பிறகு 480, பிறகு 540, மார்ச்சில 790, அந்த வருசத்துக்குள்ளேயே ஆயிரம் தாண்டினது. காஸ் 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பு விலைக்கு 1493ல இருந்து 2675, ஏப்ரலில 4860, எங்களுக்கு ஏத்துக்கூலி அதுக்கு மேல. அதுவும் காசைக் கையில வைச்சுக்கொண்டு ரெண்டு நாள் லைன்ல நிண்டால்தான். தேயிலை மட்டும்தான் எங்கட நாட்டுச் சாமான். பால்மா கப்பலால வாறது, சீனி கப்பலால வாறது, கோதுமை கப்பலால வாறது, வடைக்குப் போடுற கடலைப்பருப்பும் வெளியாலதான். ஒரு கிளாஸ் தேத்தண்ணி எண்டு நாங்கள் நினைக்கிறது அரைவாசிக்கு மேல டொலர்.

மீன் எங்கட கடல் மீன் தானே, அது ஏன் விலை ஏறவேணும் எண்டு நானும் ஒருக்கா அண்ணையோட வாதாடினனான். அவர் சத்தம் போடேல்ல.

"தம்பி, மீன் எங்கட, எஞ்சின் எண்ணை ஆற்றை?" எண்டார்.

அந்த 2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே அடியா 340க்குப் போனது, குருநகரிலயும் பாசையூரிலயும் எத்தினையோ வள்ளம் கரையில கிடந்தது. அந்தக் காலத்தில அவர் மீன் ரோல்ஸ் போடுறதையே நிப்பாட்டிப்போட்டார். கிழங்கைக் கூடுதலா அடைச்சு மீன் ரோல்ஸ் எண்டு வித்த இடங்களில நானும் வாங்கிச் சாப்பிட்டனான், ஏமாந்த மாதிரித்தான் இருந்தது. இவர் செய்யேல்ல. வடையின்ர அளவும் குறையேல்ல, நான் கண்ணால பாத்தது, அதே கிண்ணத்தாலதான் மா உருண்டை எடுத்து வைப்பார். விலையை ஏத்தினவர், மறைக்காமல் ஏத்தினவர். காஸ் இல்லாத நாளில பின்னுக்கு மூண்டு கல்லு வைச்சுப் பனைமட்டையும் பூவரசம் விறகும் எரிச்சுத் தண்ணி கொதிக்க வைச்சவர், கண் ரெண்டும் சிவந்துபோய் நிப்பார். பால்மா கிடைக்காத கிழமைகளில பால்த்தேத்தண்ணி எண்ட ஸ்டிக்கருக்கு மேல "இல்லை" எண்டு எழுதினவர், தண்ணியைக் கூடுதலா ஊத்தி விக்கேல்ல.

இந்தக் கடையில இருந்தால் இன்னொண்டும் தெரியும். ரூபா விழுந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி விழேல்ல. கனேடிய டொலர் ஒண்டு 160 ரூபா மாதிரி இருந்தது 280 தாண்டிச்சுது, அப்ப வெளிநாட்டில பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு அதே நூறு டொலர் வந்தால் முந்தியை விடக் கூட ரூபா, விலை ஏறினதை ஒரு மாதிரிச் சமாளிச்சிட்டினம். ஆரும் இல்லாத வீடுகள்தான் முறிஞ்சது. சந்தையில மூட்டை தூக்கிற ஒரு ஐயா காலமை ஒரு பால்த்தேத்தண்ணியும் ரெண்டு வடையும் எடுப்பார், ஏப்ரலில ஒரு வடை, மே மாசத்தில பிளேன்டீ மட்டும், பிறகு கொஞ்ச நாள் வந்து வாங்கில இருந்து பேப்பர் பாத்திட்டு எழும்பிப் போவார். அண்ணை கேக்காமலே பிளேன்டீ கொண்டுபோய் வைப்பார், கடன் கொப்பியில எழுதினதை நான் காணேல்ல. செப்டெம்பரில பணவீக்கம் 70 வீதம், சாப்பாட்டுச் சாமான் 95 வீதம் எண்டு செய்தியில வாசிக்கேக்க எனக்கு அந்த ஐயாதான் ஞாபகம் வந்தவர். தமிழ்நாட்டில இருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில வந்தது அந்தக் காலத்திலதான், அந்த அரிசி கிடைச்ச வீடுகள் இப்பவும் அதைக் கதைக்குதுகள்.

பிறகு டொலர் 360ல இருந்து 300 மாதிரிக்கு இறங்கினது, காஸ் விலையும் மண்ணெண்ணெயும் இறங்கினது. ஆனால் ஊருக்குள்ள பாருங்கோ, டொலர் ஏறின அண்டைக்குப் பின்னேரமே விலை ஏத்தின கடைகளில எத்தினை இறக்கினது? வற் 18 வீதம், கறண்ட் பில் எண்டு சொல்லுவினம், அதில உண்மையும் இருக்கு, எல்லாத்தையும் பேராசை எண்டு நான் சொல்லமாட்டன், 50 ரூபா தேத்தண்ணி இனி வராது எண்டதும் எனக்கு விளங்குது. ஆனால் கணக்குப் பாத்து 20 ரூபா இறக்கேலும் எண்டால் இறக்கவேணும். அண்ணை கொப்பியை எடுத்துக் கூட்டிக் கழிச்சுப் பாத்துத்தான் இறக்கினவர், எனக்கும் காட்டினவர்.

குறையள் இருக்கு, அதையும் சொல்லவேணும். ரெண்டு வாங்கும் நாலு ஸ்ரூலும்தான், ஏழரைக்குப் பிறகு போனால் நிண்டுதான் குடிக்கவேணும். முன்னால இருக்கிற வாய்க்கால் மாரி காலத்தில மணக்கும், அதுக்கு மேல ஒரு சிலாப் போட்டால் நல்லம், கன நாளாச் சொல்லுறன். கை கழுவிற இடத்தில சோப் இருக்கிற நாளும் இருக்கு, இல்லாத நாளும் இருக்கு. மீன் ரோல்ஸ் திரும்பப் போடத் தொடங்கினது சந்தோசம், ஆனால் முந்தி இருந்த மிளகு உறைப்பு இப்ப இல்ல, மிளகு கொஞ்சம் கூடப் போடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். காட் எடுக்கமாட்டார், சில்லறை கொண்டுபோங்கோ.

காலமை அஞ்சரைக்குத் திறப்பார், பின்னேரம் ஆறரைக்குப் பூட்டிடுவார், ஞாயிறு அரை நாள். வடை பத்து மணிக்கு மேல கிடையாது. முதல் தரம் போறவை இஞ்சி பிளேன்டீயும் ரெண்டு பருப்பு வடையும் எடுங்கோ, காசு குடுக்கேக்க அந்த மட்டையை ஒருக்காப் பாருங்கோ. 120க்கு மேல புதுசா ஒரு 100 ஒட்டியிருக்கும், கை எழுத்துக் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கும்.