20ஆம் இலக்க ஊதா ஜேர்சி: ராப்டர்ஸ் தோற்ற காலத்து உடையின் மறுபதிப்பு

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி 1995இல் முதன்முதலாகக் களமிறங்கியபோது அணிந்த, நெஞ்சில் சிவப்பு டைனசோர் பந்தடித்து ஓடும் ஊதா நிற ஜேர்சியின் மறுபதிப்பொன்றைக் கடந்த குளிர்காலத்தில் வாங்கினேன். விலை 170 கனேடிய டொலர். ஒன்ராறியோவின் 13 சதவீத வரியும் சேர்ந்து 192 டொலர் ஆயிற்று. கையில்லாத ஒரு சட்டைக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டார்கள். ஐந்து மாதம் உடுத்து, ஏழெட்டுத் தடவை தோய்த்துப் பார்த்துவிட்டேன். இதை வாங்க நினைப்பவர்களுக்காக, அதிலும் அந்த அணி ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் அதைப் பார்க்கப் போனவர்களுக்காக, என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் இந்த உடை எந்தக் காலத்துக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டும். இன்று இதை அணிந்து தெருவில் போகும் இளையவர்களில் பலருக்கு 2019ஆம் ஆண்டின் சாம்பியன் பட்டமே ராப்டர்ஸின் வரலாறு. இந்த டைனசோர் உடையோ நான்கு பருவங்கள் மட்டுமே, 1995 தொடக்கம் 1999 வரை, அணியின் வழக்கமான உடையாக இருந்தது. அந்த நான்கு பருவங்களிலும் அணி வென்ற ஆட்டங்கள் முறையே 21, 30, 16, 23. கூட்டிப் பார்த்தால் 296 ஆட்டங்களில் 90 வெற்றி, 206 தோல்வி. பருவ முடிவில் முன்னணி அணிகள் பட்டத்துக்காக மோதும் பிளே-ஆஃப் சுற்றை ஒருமுறைகூட எட்டவில்லை. அணி முதன்முதலில் அந்தச் சுற்றுக்குள் நுழைந்த 1999-2000 பருவத்தில் உடையை மாற்றிவிட்டார்கள். ஆகவே இது தோல்வியைத் தவிர வேறு எதையும் அதிகம் கண்டிராத உடை. இதன் மறுபதிப்பை மதிப்பிடும்போது துணியும் தையலும் எவ்வளவு முக்கியமோ, அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதும் எனக்கு அவ்வளவு முக்கியம்.

கடைக்குப் போனபோது முதல் ஏமாற்றம் ஏற்பட்டது. ஊதா ஜேர்சிகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. அவற்றில் பெரும்பாலானவை வின்ஸ் கார்ட்டரின் 15ஆம் இலக்கம், எஞ்சியவை டிரேசி மக்கிரேடியின் 1ஆம் இலக்கம். கார்ட்டர் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை; 2024 நவம்பரில் அவருடைய இலக்கத்தை அரங்கின் கூரையில் ஏற்றிக் கௌரவித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர் இந்த டைனசோர் உடையோடு ஆடியது 1998-99 என்ற ஒரே பருவம். ஆட்டக்காரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான தகராறால் 50 ஆட்டங்களாகச் சுருங்கிய பருவம் அது. நான் தேடியது அதற்கு முந்திய பெயரை. கடையில் நின்ற தம்பியிடம் டேமன் ஸ்டவுடமையரின் 20ஆம் இலக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் பொறுமையாகக் கணினியில் தேடிப் பார்த்து, சொல்லிவைத்தால் மூன்று வாரத்தில் வரும் என்றார். ஐந்து வாரத்தில் வந்தது.

ஸ்டவுடமையரை ஏன் தேட வேண்டும் என்பதை அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அணிகள் புதுமுக ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ட் தேர்வு 1995இல் ரொறன்ரோவிலேயே, ஸ்கைடோம் அரங்கில் நடந்தது. ஏழாவது இடத்தில் ராப்டர்ஸ் அவர் பெயரை அறிவித்தபோது, அங்கே கூடியிருந்த சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது எட் ஒபானன் என்ற கல்லூரி ஆட்டக்காரரை. 5 அடி 10 அங்குலம் உயரமுள்ள ஒருவரை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது. அந்தப் பருவம் முடியும்போது ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவர் கையில் இருந்தது. 1996 மார்ச் 24ஆம் திகதி சிகாகோ புல்ஸ் அணியை 109-108 என்று தோற்கடித்த ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்ததும் அவரே. மைக்கல் ஜோர்டன் ஆடிய அந்த புல்ஸ் அணி அந்தப் பருவத்தில் 72 ஆட்டங்களை வென்று பத்தை மட்டும் தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று எங்கள் கணக்கில் இருக்கிறது. அன்று ஸ்கைடோமில் 36,131 பேர் இருந்தார்கள். நாங்கள் ஸ்காபரோவில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், ஒரே அறையில் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தோம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்; திறந்ததும் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு வந்த 1997-98 பருவத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. 16 வெற்றி, 66 தோல்வி. அதில் 17 ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றவை. அணியைக் கட்டிய ஐசையா தோமஸ் பருவத்தின் தொடக்கத்திலேயே விலகிப் போனார். பெப்ரவரியில் ஸ்டவுடமையரைப் போர்ட்லண்டுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்குத் தரப்பட்டவர்களில் கெனி அண்டர்சன் ரொறன்ரோவுக்கு வர மறுத்து, பொஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு நகரத்துக்கு வந்து ஆட ஒருவர் மறுப்பது அந்த நகரத்து ரசிகருக்கு எப்படி வலிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதே மாற்றத்தில் அதிகம் பேசப்படாமல் வந்த அல்வின் வில்லியம்ஸ் எங்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணாவின் வேலைத்தலத்தில் இலவச டிக்கெட்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. வாங்கியவர்கள் போக விரும்பாததால் அவை எங்களிடம் வந்தன. "தோக்கிற ரீமுக்கு ரிக்கெற் எப்பவும் கிடைக்கும், வாடா தம்பி" என்று அண்ணா கூப்பிடுவார். கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கி, வெளிக்குளிர் படாமல் கூரையிட்ட நடைபாதை வழியே ஸ்கைடோமுக்குப் போவோம். அது பேஸ்போலுக்காகக் கட்டிய, கூரை திறந்து மூடும் பெரிய அரங்கு. அதன் ஒரு பக்கத்தில் மரத்தளம் விரித்துக் கூடைப்பந்து ஆடினார்கள். எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது. பந்து தரையில் படுவது கண்ணுக்குத் தெரிந்து, ஒரு கணம் கழித்தே அதன் சத்தம் காதுக்கு வந்து சேரும். ஆளை அடையாளம் காண எங்களுக்கு இருந்த ஒரே வழி முதுகில் இருந்த இலக்கம்தான். 20 ஸ்டவுடமையர், 21 மார்கஸ் கேம்பி, 13 டக் கிறிஸ்டி. ஸ்டவுடமையர் போன பிறகும் என் கண் 20ஐத் தேடிக்கொண்டே இருந்தது.

இனி உடைக்கு வருகிறேன். அண்ணா 1996இல் வாங்கிய பழைய ஜேர்சி இன்றும் அவரிடம் இருக்கிறது. அதை இரவல் வாங்கிவந்து, புதியதையும் பழையதையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். பழையது அந்நாளில் மலிவாக விற்ற வகை. டைனசோர் துணியின் மீது மையால் அச்சிட்டது, இப்போது வறண்ட குளத்து மண்போல் வெடித்துக் கிடக்கிறது. புதியதில் டைனசோரைத் தனித் துணியில் வெட்டி, விளிம்பு சுற்றி நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். சப்பாத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் நகங்களைத்தான் முதலில் பார்த்தேன், ஏனெனில் மலிவான போலிகளில் அந்த இடத்தைத்தான் மொட்டையாக விட்டுவிடுவார்கள். இதில் ஒவ்வொரு நகமும் கூராக, தனித்தனியாக இருக்கிறது. டைனசோர் கையிலுள்ள பந்து வெள்ளி நிறத்திலேயே இருக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவில் பிறந்தவர் என்பதால், அணியின் வண்ணங்களில் அந்த வெள்ளிச் சாம்பலுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். அதைச் சாதாரணச் சாம்பலாக்கிவிடாமல் மெல்லிய மினுமினுப்போடு கொண்டுவந்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஊதா மட்டும் பழையதைவிடச் சற்று அடர்ந்திருக்கிறது. முப்பது ஆண்டுத் தோய்ப்பில் பழையது வெளுத்திருக்கும் என்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

குறை முதுகில் இருக்கிறது. ஸ்டவுடமையர் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்து. தோளிலிருந்து தோளுக்கு வளைவாக அவற்றை ஒழுங்காக அடுக்குவது எளிதல்ல என்பது தெரியும். ஆனால் எனக்கு வந்ததில் கடைசி இரண்டு எழுத்துகளும் வளைவை விட்டு வெளியே சரிந்து நிற்கின்றன. நான்காவது தோய்ப்பில் கடைசி எழுத்தின் ஓரத் தையலும் பிரிந்தது. சொல்லி வாங்கிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் கூறிவிட்டார்கள். மெயின் ஸ்ட்ரீட்டிலுள்ள தையல்கார அம்மாவிடம் கொடுத்து 8 டொலருக்குச் சரிசெய்தேன். இந்த விலைக்கு இப்படி நடந்திருக்கக் கூடாது. வாங்குபவர்கள் கடையை விட்டு வெளியேறுமுன் முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அளவு தாராளமானது. அக்காலத்து ஆட்டக்காரர்கள் தொளதொளவென்று உடுத்தினார்கள், மறுபதிப்பும் அப்படியே வருகிறது. வழக்கமாக நடு அளவு போடுபவர் ஒரு படி சிறியதை எடுத்தால், உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொள்ளவும் இடமிருக்கும். வலைத்துணி சற்றுக் கனமானது. அரங்கினுள் இதமாக இருக்கிறது, கோடையில் வியர்க்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் தோய்த்து, உலர்த்தும் எந்திரத்தில் போடாமல் கொடியில் காயவிட்டால் எழுத்துகள் நிற்கும்.

கார்ட்டரின் ஜேர்சியே போதாதா என்று மகன் கேட்டான். அவன் 2019 ஜூன் மாதத்துப் பட்டத்தையும், ஊர்வலத்துக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனதையும் நினைவாக வைத்திருப்பவன். அவனுக்கு வான்கூவரைப் பற்றிச் சொன்னேன். எங்களோடு அதே 1995இல் தொடங்கிய வான்கூவர் கிறிஸ்லீஸ் அணியும் எங்களைப் போலவே தோற்றது. முதல் பருவத்தில் அவர்களுக்கு 15 வெற்றி, எங்களுக்கு 21. 2001இல் அந்த அணி மெம்பிஸ் நகருக்குப் போய்விட்டது. வான்கூவர் ரசிகர்களிடம் மிஞ்சியிருப்பது உடை மட்டுமே. ரொறன்ரோவில் அணி தங்கியது. 2005-06இல் 27 வெற்றி, அதே பருவத்தில் லொஸ் ஏஞ்சலிஸில் கோபி பிரயன்ட் ஒருவரே எங்களுக்கு எதிராக 81 புள்ளிகள். கிறிஸ் பொஷ் மயாமிக்குப் போன பிறகு 2010-11இல் 22 வெற்றி. இவற்றையெல்லாம் தாண்டியும் அரங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 1995 முதலே ஆட்டங்களுக்கு வந்து கைதட்டிய, முன்வரிசையில் எல்லோரும் அறிந்த ரசிகர் நவ் பாட்டியாவுக்கு, பட்டம் வென்றவர்களுக்கு வழங்கும் மோதிரத்தையே அணியினர் அளித்தார்கள். உச்சி இருக்கையில் இருந்த எங்களைப் போன்றவர்களை எந்தக் கமராவும் காட்டியதில்லை, ஆனால் நாங்களும் இருந்தோம்.

மொத்தத்தில், முன்பக்கத்துக்கு ஐந்தில் ஐந்தும், பின்பக்கத் தையலுக்கு இரண்டரையும் தருவேன். எந்தப் பெயரானாலும் சரி, டைனசோர் படம் போட்ட சட்டை ஒன்று வேண்டும் என்பவர்கள் இந்த விலையில் பாதிக்கு வரும் அச்சிட்ட வகையை வாங்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒரு குறிப்பிட்ட இலக்கத்தை ஸ்கைடோமின் உச்சியிலிருந்து தேடியவர்கள் இதையே வாங்குங்கள்.

பழைய ஜேர்சியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணா புதியதைக் கையில் எடுத்து, நகங்களைத் தடவிப் பார்த்து, சரிந்த எழுத்துகளையும் பார்த்தார். தனக்கும் ஒன்று சொல்லிவைக்கச் சொன்னார். கேம்பி, 21. ஐந்தே எழுத்து என்பதால் வளைவு சரியாக வரும் என்று நம்புகிறேன்.