பாளையங்கோட்டையில் வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கிய அனுபவம்

பெருமாள்புரத்தில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விடுவதற்கு, இம்முறை தட்டச்சுக் கடைக்குப் போகாமல், பாளையங்கோட்டையில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தம் எழுதி வாங்கினேன். கட்டணம் 3,000 ரூபாய்; முத்திரைத்தாள் செலவு தனி. பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கடையில் அச்செடுத்துத் தரும் தாளுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும் என்பதால், வீட்டில் அனைவரும் தயங்கினார்கள். ஆனால் அந்தத் தாளை நம்பி நான் ஒருமுறை நஷ்டப்பட்டிருக்கிறேன். முன்பு குடியிருந்தவருடன் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்த பின்னும் புதுப்பிக்காமலே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கடைசி ஐந்து மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் காலி செய்தபோது, உடைந்த வாஷ்பேசினுக்கும் கட்டப்படாத மின்கட்டணத்திற்கும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தப் பதினோரு மாதக் கணக்கைத்தான் வழக்கறிஞர் முதலில் விளக்கினார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 22-02-2019 முதல் நடைமுறையில் உள்ள, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை, அந்தச் சட்டப்படி இதற்கென அமைக்கப்பட்ட வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் உண்டு. பதிவு செய்யாத தாளை நாளை ஒரு தகராறில் சான்றாக நீட்ட முடியாது என்று அவர் சொன்னபோது, இத்தனை காலம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த தாள்களை நினைத்து வருத்தமாக இருந்தது.

காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதினார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றிச் சட்டம் வைத்திருக்கும் வரம்பும் அதுவே. காலி செய்த ஒரு மாதத்திற்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அதைத் திருப்பித் தர வேண்டும். வாடகை நின்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன்; சட்டம் அதைத் தடை செய்கிறது என்று கூறி உறுதியாக மறுத்துவிட்டார். பணம் வாங்கிக்கொண்டு நான் கேட்டதையெல்லாம் எழுதித் தராததே இந்த அலுவலகத்தின் மீது எனக்கு மதிப்பு வரக் காரணம்.

என்னைப் பொறுத்தவரை கொடுத்த கட்டணம் முழுவதும், வீட்டில் உள்ளவற்றையும் அவற்றின் நிலையையும் குறித்து ஒப்பந்தத்துடன் சேர்த்த இணைப்புப் பட்டியலுக்கே தகும். இளம் வழக்கறிஞர் ஒருவர் நேரில் வந்து, அறை அறையாகப் பார்த்து எழுதினார்: தார்சாவில் மின்விசிறி இரண்டு, ஒன்றுக்கு ரெகுலேட்டர் இல்லை, அடுக்களைத் தொட்டியின் ஓரத்தில் விரல் நீளக் கீறல், புறவாசல் கதவில் தாழ்ப்பாள் மட்டும், பூட்டு இல்லை, மின்மீட்டர் அளவு 8412. சுவர் விரிசல், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல் ஆகியவை என் பொறுப்பு என்றும், சுவிட்சு, குழாய் வாஷர், பூட்டு போன்றவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு என்றும் சட்டத்தின் அட்டவணையை ஒட்டிப் பிரித்திருந்தார்கள்.

குறைகளும் உண்டு. முதல் வரைவில் கதவிலக்கம் தவறாக இருந்தது. திருத்தி வாங்கப் பத்து நாட்கள் ஆயின. உரிமையாளர் எந்நேரமும் உள்ளே வந்து பார்வையிடலாம் என்ற வரி ஒன்றும் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி என்பதால் அதை நானே சொல்லி மாற்றச் செய்தேன். ஆகவே அங்கே எழுதி வாங்குபவர்கள் கையெழுத்துக்கு முன் வரைவை ஒரு முறையாவது முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும்.

குடிவந்த ஆசிரியர் தம்பதியர் தங்கள் பிரதியை நிதானமாகப் படித்தார்கள். குளியலறைக் குழாய் கசிவதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். அந்த வரியைக் கையால் எழுதி, பக்கத்திலேயே இரு தரப்பும் கையொப்பமிட்டோம்.