தெர்ம்: சுவர், சன்னல் வழி வெப்பம் கணக்கிட ஒரு இலவச மென்பொருள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஏசி மாட்டுமுன் சுவரையும் சன்னல் சட்டத்தையும் கணக்குப் பார்க்க இது அருமையான கருவி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் தருகிறது, விண்டோஸில் ஓடும்.

குறுக்குவெட்டு வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் (ஆட்டோகேட் போன்றவை தரும் வரைபட வடிவம்) கோப்பாக அடியில் வைத்து, மேலே வடிவங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பக் கடத்துதிறன் (பொருள் எவ்வளவு எளிதில் வெப்பத்தைக் கடத்தும் என்ற எண், W/m·K அலகில்) கொடுக்க வேண்டும். செங்கலுக்குச் சுமார் 0.8, யுபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 0.17, அலுமினியத்துக்கு 160. வெறும் அலுமினியச் சட்டம் ஏன் கொதிக்கிறது என்பது அங்கேயே புரிந்துவிடும். இரண்டு வடிவங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கணக்கு ஓடாது. பலர் வெறுத்துப்போய் விடுவது இந்த இடத்தில்தான். பெரிதாக்கிப் பார்த்து முனைகளை ஒட்டவையுங்கள்.

கூடவே வரும் எல்லை வெப்பநிலை வெளியே −18, உள்ளே 21 டிகிரி. அது பனிநாட்டுக் கணக்கு! நமக்கு 38, 24 என்று புதிதாகச் சேர்க்க வேண்டும். வரைபடத்தில் வெட்டிய ஓரங்களுக்கு 'அடியாபாட்டிக்' (வெப்பம் கடக்காத எல்லை) போடுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்கு யூ மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஒரு சதுர மீட்டர் வழி போகும் வெப்பம், W/m²·K) 2 பக்கம் வர வேண்டும். 0.5 வந்தால் பொருளோ அலகோ தவறு.

பெரிய குறை, மேலே சொன்ன கணக்கு மாறாத வெப்பநிலைக்கு மட்டுமே. மேற்குச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி உள்ளே கக்குவது இதில் வராது. அதற்கு, முழுக் கட்டடத்தையும் மணிக்கு மணி கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் போன்றது வேண்டும். கண்ணாடி வழி வரும் வெயிலுக்கு இதே ஆய்வகத்தின் 'விண்டோ' மென்பொருள்.